ஊர் திரும்பும் வழியில் வந்த தொற்று: வேலூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் செம்பழுப்புப் புள்ளிகளோடு 27 வயது இளைஞர் ஒருவர், ஒரு ஜூன் மாதத்தில், வேலூரில் நான் ஆலோசகராக இருக்கும் பால்வினை நோய் சிகிச்சை மையத்துக்கு வந்தார். அரிப்பு இல்லை, வலி இல்லை. புள்ளிகள் ஏப்ரலில் தோன்றி, தாமாகவே மங்கி, மறுபடியும் தலைகாட்டியிருந்தன. அதற்குள் வெவ்வேறு ஊர் மருந்துக் கடைகளில் வாங்கிய மூன்று களிம்புகளைப் பூசிப் பார்த்திருந்தார். ஒரு கடையில் வேர்க்குரு என்றார்கள். இன்னொரு கடையில் படை என்றார்கள். ஆம்பூரில் பழைய நண்பர்கள், தோல் பதனிடும் ரசாயனம் பட்டதால் வந்தது என்றார்கள். அவர் ஷூ தொழிற்சாலை வேலையை விட்டே மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

மருத்துவர் அவருடைய கைகளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்ததும், பால்வினை நோயான சிபிலிஸின் இரண்டாம் நிலையாக இருக்கலாம் என்றார். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒரே சமயத்தில் அரிப்பில்லாத தடிப்பு வந்தால் முதலில் நினைக்க வேண்டிய நோய் அதுதான். களிம்பு பூசினாலும் பூசாவிட்டாலும் அந்தத் தடிப்பு சில வாரங்களில் மறையும். மறைந்துவிட்டதால் குணமாகிவிட்டது என்று ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். கிருமி உடலிலேயே தங்கிவிடுகிறது.

ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் பயணத்தின் போக்கையும் மாற்றவில்லை. வெளியூருக்குப் பிழைக்கப் போகும் ஆண்களுக்கு வெளியூரில்தான் நோய் ஒட்டுகிறது என்று மருத்துவத் துறையில் இருப்பவர்கள் உட்பட எல்லோரும் நம்புகிறோம். இவர் விஷயத்தில் ஆபத்து, வீடு திரும்பிய நாட்களில்தான் அதிகமாக இருந்தது. அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆளும் பாதையும்

குடியாத்தத்தை அடுத்த கிராமம். அப்பா கைத்தறியில் லுங்கி நெய்தவர். தறி நின்ற பிறகு காவலாளி வேலைக்குப் போகிறார். ஒரு தங்கை. பிளஸ் டூ முடித்ததும் இவர் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் தையல் பிரிவில் சேர்ந்தார். காலையில் தொழிற்சாலை பஸ் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் இறக்கிவிடும். கொரோனா காலத்தில் ஆர்டர்கள் குறைந்து ஆட்குறைப்பு நடந்தபோது பெங்களூருக்குப் போனார். கிருஷ்ணராஜபுரம் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு ஷிப்ட். ஆறு பேர் தங்கும் அறை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காட்பாடி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஊருக்குப் போவார்.

‘எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும், சார்’ என்று முதல் நாளே தயங்காமல் சொன்னார். பெண் சாயலில் நடந்துகொள்ளும் ஆண்கள் தங்களைக் கோத்தி என்பார்கள், தங்கள் ஆண் துணையைப் பந்தி என்பார்கள். தன்னைக் கோத்தி என்றோ பந்தி என்றோ அவர் சொல்லிக்கொள்வதில்லை. ஆம்பூர் பஸ் நிலையத்திலும் காட்பாடியிலும் கூடும் கோத்திகளை அவருக்குத் தெரியும். அவர்களில் மூத்த ஒருவரை அக்கா என்றுதான் அழைப்பார். அந்த அக்கா ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். காட்பாடியில் டீ வாங்கும்போது இவருடைய உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, கையோடு எங்கள் மையத்துக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். அந்தப் பார்வை மட்டும் இல்லாமல் போயிருந்தால் இவர் நான்காவது களிம்புக்குப் போயிருப்பார்.

இந்தப் பகுதியில் இவரைப் போல அலைபவர்கள் ஏராளம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் ஆட்களை இழுக்கிறது. பட்டாளத்துக்குப் போனவர்கள் இல்லாத கிராமம் குறைவு. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் சென்னைக் கட்டட வேலைக்கும் பெங்களூருக்கும் இங்கிருந்து ஆட்கள் போகிறார்கள். வருகிறவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் துணைக்கு வந்தவர்கள் காந்தி ரோட்டை ஒட்டிய லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களில் இளைஞர்கள் உண்டு, தனிமை உண்டு, கையில் போனும் உண்டு. வேலூரில் இடம்பெயர்வு என்று பேசும்போது ஊரைவிட்டுப் போகிறவர்களை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குத்தான் கிடைக்கும்.

பரிசோதனைகள்

சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனையான ஆர்.பி.ஆர். 1:64 அளவில் நேர்மறை; சிகிச்சை பலித்தால் இரண்டாவது எண் குறையும். உறுதிப்படுத்தும் டி.பி.எச்.ஏ. பரிசோதனையும் நேர்மறை. எச்.ஐ.வி.க்கு, அரசின் ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் வழக்கமான முறைப்படி மூன்று வெவ்வேறு பரிசோதனைகள் செய்யப்பட்டன, மூன்றிலும் நேர்மறை. நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 412. மஞ்சள் காமாலை பி கிருமி இல்லை. காசநோய் அறிகுறிகள் இல்லை. தலைவலி, பார்வை மங்கல், காது இரைச்சல் என்று எதுவும் இல்லை. சிபிலிஸ் நரம்பு மண்டலத்தைத் தொட்டிருக்குமோ என்ற அச்சத்தில் இவற்றைத் தனியாகக் கேட்டோம்.

இவரிடம் முந்தைய அக்டோபரில் பெங்களூரில் ஒரு முகாமில் எடுத்த எச்.ஐ.வி. முடிவு இருந்தது. தொற்று இல்லை என்ற முடிவு. அந்தத் தாளைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். சிலரிடம் அதைக் காட்டியும் இருக்கிறார். ஒரு முறை எடுத்த பரிசோதனை அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி மட்டுமே பேசும். இப்படி வாழும் ஆண்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று அந்த முகாமில் யாராவது சொல்லியிருக்கலாம். இரவு ஷிப்டுக்கு ஓடிக்கொண்டிருந்தவரின் காதில் அது விழவில்லை.

இரண்டு தேதிகளுக்கும் இடையே நடந்ததைப் பின்னோக்கி அடுக்கினோம். ஜனவரியில் பொங்கலுக்கு ஊரில் ஒரு வாரம். ஜனவரி முடியும்போது பெங்களூரில் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறிக்கட்டி. வைரஸ் காய்ச்சல் என்று சிகிச்சை. எச்.ஐ.வி. உடலில் புகுந்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்கு இப்படித்தான் காய்ச்சல் வரும். பிப்ரவரியில் ஆசனவாய் ஓரத்தில் வலியில்லாத ஒரு புண். மூலம் என்று தானே முடிவு செய்து மருந்து வாங்கிப் போட்டார். சிபிலிஸின் முதல் நிலைப் புண் வலிக்காது, தானே ஆறிவிடும். ஆண்குறியில் வந்திருந்தால் பயந்து யாரிடமாவது காட்டியிருப்பார். ஆசனவாயில் வந்ததால் அவரும் பார்க்கவில்லை. அந்த மாதம் அவர் போன தனியார் கிளினிக்கிலும் யாரும் பார்க்கவில்லை. மூலம் என்றதை அப்படியே எழுதிக்கொண்டு மாத்திரை தந்தார்கள். ஏப்ரலில் தடிப்பு.

தேதிகள் பொங்கல் வாரத்தைச் சுட்டின. கறாராக நிரூபிக்க வழியில்லை. ஆனால் சிபிலிஸ் தொற்றி முதல் புண் வர 10 முதல் 90 நாள் ஆகும். அந்தக் கணக்கும் இங்கே பொருந்துகிறது.

எத்தனை பேர் என்ற கேள்வி

கடந்த ஆறு மாதத்தில் எத்தனை பேரோடு உறவு என்று படிவம் கேட்கிறது. மூன்று, நான்கு பேர் இருக்கும் என்றார். பொய் சொல்லும் ஆள் இல்லை அவர். இரண்டு மாநிலங்களில் வாழும் ஒருவருக்கு ஆறு மாதம் என்பது ஒரே நீட்டில் நினைவுக்கு வருவதில்லை. அதனால் ஒரு தாளில் ரயில் பாதையைக் கோடாகப் போட்டேன்: பெங்களூர், பங்காருபேட்டை, குப்பம், ஜோலார்பேட்டை, ஆம்பூர், காட்பாடி, அங்கிருந்து குடியாத்தம். ஒவ்வொரு முறை ஊருக்கு வந்ததையும் அதில் குறிக்கச் சொன்னேன். எந்தப் பண்டிகை, எந்தச் சனிக்கிழமை, யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். எட்டுப் பேர் வந்தார்கள்.

அவர்களில் நான்கு பேர் பெங்களூரில், ஆண்களைத் தேடும் ஆண்களுக்கான கிரைண்டர் செயலி வழியாகப் பழக்கமானவர்கள். அந்தச் செயலி, பக்கத்தில் இருப்பவர்களைத் தூர வரிசையில் காட்டும். ரயில் நகர நகர முகங்கள் மாறும். குப்பத்தைத் தாண்டினால் மிக அருகில் இருப்பவரே பல கிலோமீட்டர் தள்ளி இருப்பார். ஐந்தாமவர், மார்ச் மாதத்தில் வேலூர் லாட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த, வங்காளி பேசும் ஒருவர். அம்மாவின் சிகிச்சைக்குத் துணையாக வந்தவர். ஆறாமவர் பொங்கலின்போது பார்த்த ஊர்க்கார நண்பர். ஏழாமவர் ஆம்பூர் தொழிற்சாலைக் காலத்து நண்பர். எட்டாமவரின் பெயர் தெரியாது; மே மாதம் சிரசுத் திருவிழா இரவில் குடியாத்தத்தில் பார்த்தவர்.

பெங்களூரில் நான்கு பேரோடும் ஆணுறை. லாட்ஜில் ஆணுறை இருந்தது, கிழிந்தது. ஜெல் இல்லாமல் தேங்காய் எண்ணெய் பயன்படுத்தியிருந்தார்கள். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் நலிந்துவிடும்; தேங்காய் எண்ணெய், வாசலின் இரண்டுமே கூடாது, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்தான் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. சொந்த ஊர்ப் பக்கம் நடந்த மூன்றிலும் ஆணுறையே இல்லை.

காட்பாடிப் பிளாட்பாரம்

ஏன் இல்லை? பெங்களூரில் எப்போதும் பையில் வைத்திருக்கிறீர்களே என்று கேட்டேன். காட்பாடியில் இறங்கியதும் தூக்கிப் போட்டுவிடுவேன் என்றார். பிளாட்பாரக் குப்பைத் தொட்டியில் போடுவாராம். வீட்டுக்குப் போனதும் அம்மா பையைப் பிரித்துத் துணிகளை ஊற வைப்பார். தங்கை சார்ஜர் தேடிப் பையின் சின்ன ஜிப்பைத் திறப்பாள். ஒரே ஓர் ஆணுறைப் பொட்டலம் போதும், வீட்டில் விசாரணை தொடங்கிவிடும்: பெங்களூரில் எந்தப் பெண்? எத்தனை நாளாக?

குப்பைத் தொட்டிக்குள் போகும் அந்தப் பொட்டலத்தில்தான் இந்த நிகழ்வின் மையம் இருப்பதாக நினைக்கிறேன். அவருக்கு அறிவுரை போதாமல் இல்லை. பெங்களூரில் ஆணுறை அணிய அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆறு பேர் அறையில் கூட அவரவர் பெட்டிக்குப் பூட்டு உண்டு. சொந்த வீட்டில் பூட்டு இல்லை. பாதுகாப்பான உறவுக்குத் தேவையான பொருள், நேரம், இடம், வெளிச்சம் எல்லாம் ஊரில் இல்லாமல் போகின்றன; அவசரமும் இருட்டும்தான் மிஞ்சுகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. பெங்களூரில் சந்திப்பவர் அந்நியர், அதனால் பயம். ஊரில் சந்திப்பவர் நம் பையன். பொங்கலில் பார்த்த நண்பரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர் இவர். கிணற்றில் ஒன்றாக நீச்சல் கற்றவர். அவரிடம் ஆணுறை என்று பேச்செடுத்தால், உன்னை நம்பவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும் என்று நினைத்தார். அந்த நண்பர் ஐந்து ஆண்டுகளாகத் திருப்பூரில் வேலை செய்கிறார் என்பதும், அவரும் பொங்கலுக்காகவே ஊர் வந்தவர் என்பதும், அவரும் தன் பையைச் சுத்தம் செய்துகொண்டுதான் வந்திருப்பார் என்பதும் இவருக்குத் தோன்றவே இல்லை. தெரு தெரிந்த தெரு, ஆள் தெரிந்த ஆள். ஆனால் இருவருமே வேறு வேறு நகரங்களின் தொடர்புகளோடு அந்த ஒரு வாரத்தில் சந்தித்திருக்கிறார்கள்.

பொங்கலும் சிரசுத் திருவிழாவும் இப்படிப்பட்ட நாட்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்குக் குடியாத்தத்தைச் சேர்ந்தவர்கள் எங்கே இருந்தாலும் வந்து சேர்வார்கள். சென்னை, திருப்பூர், பெங்களூர் எல்லாம் அந்த ஒரு நாள் கௌண்டன்ய ஆற்றங்கரையில் கூடும். கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்கு ஆணுறை வழங்கவும் பரிசோதனை செய்யவும் ஆட்கள் போகிறார்கள். அங்கே யார் வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சிரசுத் திருவிழாவுக்கு வரும், லுங்கி நெய்பவர் வீட்டுப் பிள்ளைகள் இருவரை அந்தக் கண்ணோடு யாரும் பார்ப்பதில்லை. மே மாதத்தில் இவருக்குச் சிபிலிஸ் எளிதில் பரவும் நிலையில் இருந்தது. எச்.ஐ.வி.யும் தொற்றிச் சில மாதங்களே ஆகியிருந்தன, சிகிச்சை தொடங்கவில்லை.

ஆசனவாய் வழி உறவில் ஏற்கும் பங்கில் இருப்பவருக்கு ஆபத்து அதிகம். எச்.ஐ.வி. இருந்து சிகிச்சையில் இல்லாத ஒருவரோடு ஆணுறையின்றி உறவு கொண்டால், 10,000 உறவுக்கு ஏறத்தாழ 138 முறை தொற்று ஏற்படலாம் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பீடு. எதிர்ப் பங்கில் இருப்பவருக்கு அது ஏறத்தாழ 11. சிபிலிஸ் புண் இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும், புண் எச்.ஐ.வி.க்குத் திறந்த வாசல். புதிதாகத் தொற்றிய முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும் என்பதையும் சேர்த்தால், ஊரே கூடும் ஒரு வாரம் என்ன செய்ய முடியும் என்பது புரியும்.

சிகிச்சை: ஊசி, மாத்திரை, ரயில்

சிபிலிஸுக்கு இன்றும் பென்சிலின்தான். சுகவாழ்வு மையங்களில் புண்ணுக்கு என்று தரப்படும் வெள்ளைப் பெட்டியில் இருப்பதும் அதே பென்சத்தீன் பென்சிலின். 24 லட்சம் யூனிட். இரண்டு பிட்டத்திலும் பாதிப் பாதியாகப் போடப்பட்டது. ஒவ்வாமை சோதித்து, போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்தோம். ஆரம்பகட்டச் சிபிலிஸுக்கு ஒரே தவணை போதும்.

அன்றிரவு வேலூரிலேயே தங்கிவிடுங்கள், காய்ச்சல் வரலாம் என்று சொல்லியிருந்தோம். ஷிப்ட் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று அவர் ரயில் ஏறிவிட்டார். ஜோலார்பேட்டை தாண்டியதும் போன் வந்தது. குளிர் நடுக்கம், உடம்பெல்லாம் வலி, புள்ளிகள் முன்பைவிடச் சிவந்துவிட்டன. ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்றார். கிருமிகள் கூட்டமாக மடியும்போது சில மணி நேரத்தில் வரும் எதிர்வினை அது. ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மூச்சுத் திணறல் இருக்கிறதா, முகம் வீங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, இல்லை என்றதும் பாராசிட்டமால் போடச் சொன்னேன். பங்காருபேட்டை வரை பேசிக்கொண்டே வந்தோம். முன்கூட்டிச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் இனிமேல் எந்த ஊசிக்கும் கை நீட்டியிருக்க மாட்டார்.

எச்.ஐ.வி.க்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. எச்.ஐ.வி. சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004 முதல் கூட்டு மருந்து இலவசம்; சி.டி.4 எவ்வளவு என்று பார்க்காமல் எல்லோருக்கும் உடனே தொடங்குவது 2017 முதல். மருந்தில் சிக்கல் இல்லை. எந்த ஊரில் வாங்குவது என்பதில்தான் சிக்கல். பெங்களூரில் வாங்கினால் அறை நண்பர்கள் யாராவது பார்த்துவிடலாம். வேலூரில் வாங்கினால் மாதா மாதம் வர வேண்டும். பிருந்தாவன் காட்பாடிக்கு வருவது மாலையில், அதற்குள் மையம் மூடியிருக்கும், மறுநாள் ஞாயிறு. முதல் ஆறு மாதத்துக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துத் தருவதில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு சனிக்கிழமை காலையில் வர ஏற்பாடு செய்துகொண்டார். அதற்குக் கூலியில் ஒரு பங்கு போனது.

சிகிச்சை விவரங்களை எழுதித் தரும் பச்சைப் புத்தகத்தை அவர் எடுத்துப் போகவில்லை. அதன் நிறமே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்தார். பக்கங்களைப் படம் பிடித்துப் பூட்டிய கோப்பில் வைத்துக்கொண்டார். புத்தகம் களப்பணியாளர் அக்காவிடம் இருக்கிறது. டப்பாவைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. முப்பது மாத்திரைகள் பிளாஸ்டிக் டப்பாவில் குலுங்கும் சத்தம் ஆறு பேர் அறையில் கேட்கும். வைட்டமின் டப்பாவுக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். மாத்திரைகள் ஈரம் உறிஞ்சாமலிருக்க உள்ளே இருக்கும் சிறு பொட்டலத்தோடு அதே டப்பாவில்தான் இருக்க வேண்டும். ஒட்டியிருந்த தாளை மட்டும் உரித்துவிட்டு, மேலே பஞ்சை வைத்து மூடினோம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து அவர் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அமிலநீக்கி மருந்து டோலுடெக்ராவிரை உடல் ஏற்பதைத் தடுக்கும் என்பதால், மாத்திரையை அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், ஷிப்ட் இடைவேளையில் போடும்படி வைத்துக்கொண்டார்.

ஆர்.பி.ஆர். தொடர் பரிசோதனையிலும் ஊர் குறுக்கே வந்தது. ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் எடுத்து அனுப்பினார். அவர்கள் செய்தது சிபிலிஸுக்கான இன்னொரு வகையான வி.டி.ஆர்.எல். பரிசோதனை. அந்த எண்ணையும் எங்கள் ஆர்.பி.ஆர். எண்ணையும் பக்கத்தில் வைத்துக் குறைந்தது, ஏறியது என்று சொல்லக் கூடாது. ஒரே வகைப் பரிசோதனையை, முடிந்தால் ஒரே ஆய்வகத்தில், திரும்பத் திரும்பச் செய்தால்தான் பொருள் உண்டு. செப்டம்பரில் எங்களிடமே மறுபடி எடுத்தோம்.

தொடர்பில் இருந்தவர்கள்

எட்டுப் பேரில் திருப்பூர் நண்பருக்கு இவரே போன் செய்தார். என்ன பேசுவது என்று முன்பே எழுதிக்கொண்டார்: எனக்கு இப்படி இருக்கிறது, சிகிச்சை எடுக்கிறேன், நீயும் பார்த்துக்கொள். யாரிடமிருந்து யாருக்கு என்ற பேச்சுக்குள் போகவில்லை. அதைக் கேட்கக் கூடாது என்று நானும் வலியுறுத்தினேன். அதற்குப் பதில் கிடைத்தாலும் யாருடைய சிகிச்சையும் மாறப் போவதில்லை. இருவருக்கும் இடையே இருந்த ஒரே நட்பு மட்டும் போகும். நண்பர் திருப்பூரிலேயே நம்பிக்கை மையத்துக்குப் போனார். சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் இருந்தன. அங்கேயே சிகிச்சை தொடங்கிவிட்டார்.

ஆம்பூர் நண்பரை அக்கா நேரில் பார்த்தார். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. அக்காவின் பணி எல்லைக்குள் அந்த ஊர் வராது. போன செலவு அவருடைய சொந்தச் செலவு. நண்பருக்குச் சிபிலிஸ் இருந்தது, ஊசி போடப்பட்டது. எச்.ஐ.வி. இல்லை; மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் இல்லை. உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் 28 நாள் தடுப்பு மருந்து கொடுத்திருக்கலாம். அந்தக் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. இனி வருவதைத் தடுக்க பிரெப் மாத்திரையைப் பற்றிப் பேசினோம். உலக சுகாதார நிறுவனம் 2015-இலேயே பரிந்துரைத்தது அது. அவர் விலைக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பெங்களூரில் இருவர் செயலியில் அனுப்பிய செய்திக்குப் பதில் எழுதி, பரிசோதித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். ஒருவர் இவரைத் தடை செய்துவிட்டார். இன்னொருவர் அந்தச் செயலியிலேயே இல்லை. லாட்ஜில் இருந்தவர் அம்மாவோடு ஊர் போய்விட்டார். வேலூர் சிம் கார்டும் அணைந்துவிட்டது. திருவிழா இரவில் பார்த்தவர் யாரென்றே தெரியாது.

திட்டங்களின் கட்டங்களுக்கு வெளியே

இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட கதையில் வேலூருக்கு இடம் உண்டு. 1986-இல் சென்னையில் செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் ரயிலில் காட்பாடிக்கு வந்து, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டபோதுதான் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அதன் பிறகு தமிழ்நாடு செய்த வேலை பெரிது. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநர்களிடம் பேசினார்கள். 2000-களின் தொடக்கத்தில் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று சுவர் சுவராகக் கேட்டார்கள். அந்தக் கேள்வி இவருடைய சிறுவயது நினைவில் இருக்கிறது. அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது, இது பெண்களிடம் போகும் ஆண்களுக்கு வரும் நோய் என்பதை மட்டுமே.

2017-இல் தேசிய அளவில் எடுத்த கண்காணிப்புக் கணக்கில் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே எச்.ஐ.வி. 2.69 சதவீதம், அதே ஆண்டு வயதுவந்தோரிடையே பொது மதிப்பீடு 0.22 சதவீதம். இந்த இடைவெளி இருப்பதால்தான் இவர்களுக்கென்றே தனித் திட்டங்கள் இருக்கின்றன. அவை கூடும் இடங்களை மையமாக வைத்தவை: பஸ் நிலையம், பூங்கா, ரயில் நிலையத்தின் பின்புறம். அங்கே வருபவரைப் பெயர் எழுதி, ஆணுறை கொடுத்து, பரிசோதனைக்கு அழைத்துப் போகிறார்கள். இடம்பெயர் தொழிலாளர்களுக்கான திட்டம் வேறு. அது வேலை செய்யும் ஊரில் நடக்கும், அங்கே ஆணோடு ஆண் என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. செயலியில் ஆளைச் சந்திக்கும் இவர், வேலூர்ப் பட்டியலில் இல்லை, பெங்களூரில் ஒரு கிடங்குத் தொழிலாளி, ஆம்பூரில் பழைய ஆள். எல்லா வலையும் விரித்திருந்தும் எதிலும் சிக்கவில்லை. ஒரு களப்பணியாளரின் கண் பட்டது தற்செயல்.

இடம்பெயர்வதே கெடுதல் என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. எங்களிடம் வருவதற்கு முன் அவர் எடுத்த ஒரே எச்.ஐ.வி. பரிசோதனை பெங்களூரில்தான் நடந்தது. தன்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டது அங்கே. ஆணுறை பழகியதும் அங்கே. ஒருபாலுறவு குற்றமல்ல என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவு வழக்கில் தீர்ப்பு சொன்னபோது அவர் ஆம்பூரில் இருந்தார். அந்தச் செய்தியைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெங்களூரில்தான் முதன்முதலில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். மகனை ஊருக்கே வரச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று பெற்றோர் நினைக்கக்கூடும். இவர் ஊரிலேயே இருந்திருந்தால் இந்த நோய் இன்னும் தாமதமாகத்தான் தெரிந்திருக்கும்.

நாங்கள் செய்த ஏற்பாடு எளிது. குடியாத்தம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அக்காவுக்குத் தெரிந்த ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார். ஆணுறையும் ஜெல்லும் அங்கே இருக்கும். ஊர் வரும்போது எடுத்துக்கொள்ளலாம். மிச்சத்தைத் திரும்பும்போது அங்கேயே விட்டுவிடலாம். வீட்டுக்குள் எதுவும் போகாது. இவர் மூலமாக இன்னும் சிலர் அந்தக் கடைக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். பொங்கலுக்கும் சிரசுக்கும் முன்னால் கடையில் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும் என்று இப்போது அக்காவுக்குத் தெரியும்.

கல்யாணம்

ஜூலையில் வீட்டில் பெண் பார்த்துவிட்டார்கள். ஆவணியில் முகூர்த்தம் என்றார்கள். இந்த இடத்தில் எனக்குப் பதற்றம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரிய வேண்டும். இவருடைய நோயை நான் வீட்டுக்குச் சொல்லவும் கூடாது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் ஒருவரின் தொற்று நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதைத் தடுக்கிறது. துணைக்குச் சொல்வதற்குக்கூட முதலில் அவரையே சொல்ல வைக்க வேண்டும் என்று கட்டுப்பாடுகளோடுதான் இடம் தருகிறது.

நாங்கள் பேசியது இரண்டு தனித்தனி விஷயங்கள். மருந்தை ஒழுங்காக எடுத்து ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டால் உறவின் மூலம் யாருக்கும் தொற்றாது, எச்.ஐ.வி. இருப்பவர்கள் திருமணம் செய்துகொண்டு தொற்றில்லாத குழந்தைகளைப் பெறுகிறார்கள். அது ஒரு விஷயம். ஒரு பெண்ணோடு வாழ உங்களுக்கு விருப்பமா என்பது வேறொரு விஷயம். அதற்கு மாத்திரை இல்லை. இரண்டாவதற்கு அவருக்குப் பதில் தெரிந்தே இருந்தது. வீட்டில் சொல்லும் தைரியம் வரவில்லை. தங்கையின் கல்யாணம் முதலில் ஆகட்டும், அப்பா கடன் அடையட்டும் என்று ஆவணியைத் தள்ளிவைத்தார். பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை நல்லதே நடந்தது என்று நினைக்கிறேன்.

இப்போதைய நிலை

டிசம்பரில் ஆர்.பி.ஆர். 1:8. ஜூனில் இருந்த 1:64-உடன் ஒப்பிட்டால் சிகிச்சை பலித்திருக்கிறது. நான்கு மடங்கு குறைந்தாலே போதும் என்பது அளவுகோல். ஆறாம் மாத வைரஸ் அளவுப் பரிசோதனையில் வைரஸ் தெரியவில்லை. மஞ்சள் காமாலை பி தடுப்பூசியின் மூன்றாம் தவணையையும் அன்றே போட்டுவிட்டோம். மருந்து இனி மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கிடைக்கும். வெள்ளிக்கிழமைக் கூலி இழப்பு குறையும். ஜனவரியில் தங்கையிடம் மட்டும், நோயைப் பற்றி அல்ல, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பதைச் சொல்லியிருக்கிறார். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். வேலை மாறி ஓசூருக்கு வரலாமா என்று யோசிக்கிறார். வந்தால் ஏ.ஆர்.டி. மையத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மாற்ற வேண்டுமா, வேலூரிலேயே தொடர்வதா என்பதை மார்ச் மாதம் அவர் மருந்து வாங்க வரும்போது முடிவு செய்வோம். ஒரு வருட ஆர்.பி.ஆர். ஜூனில், எங்கள் ஆய்வகத்திலேயே.